பழைய டெய்லரை டெலிட் பண்ணாதீங்க

முதல்ல ஒரு குற்றத்தை ஒத்துக்கிறேன். 2021 ஏப்ரல், லாக்டவுன், ஆன்லைன் கிளாஸ். கேமராவை ஆஃப் பண்ணிட்டு, என் லேப்டாப்ல இருந்த ஒரு ஃபோல்டரை செலக்ட் பண்ணி, ஷிஃப்ட் கீயையும் சேர்த்து அழுத்தி டெலிட் பண்ணினேன். ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாம, நேரா சுடுகாட்டுக்கு. அதுல இருந்தது டெய்லர் ஸ்விஃப்ட்டோட 'ஃபியர்லெஸ்' ஆல்பம், 2008-ல வந்த ஒரிஜினல். அந்த வாரம்தான் அதே ஆல்பத்தை அவங்க மறுபடி பாடி 'டெய்லர்ஸ் வெர்ஷன்'னு வெளியிட்டிருந்தாங்க. பழசை வெச்சிருக்கறதே துரோகம்னு பதினாறு வயசுல எனக்குத் தோணுச்சு. டெலிட் பண்ணிட்டு அதை ஸ்டேட்டஸ்ல வேற போட்டேன். இருபத்து மூணு பேர் ஹார்ட் விட்டாங்க.

இப்போ ஃபைனல் இயர். அந்த ஃபோல்டருக்காக ஒரு வருஷமா அலைஞ்சிட்டிருக்கேன். அந்த அலைச்சல்ல கத்துக்கிட்டதைத்தான் இந்த இதழ்ல எழுதச் சொன்னாங்க. ஸ்விஃப்டி இல்லாதவங்களும் படிக்கலாம். இது ஒரு பாடகியைப் பத்தின கட்டுரைதான், ஆனா உங்க ஹார்ட் டிஸ்க்கைப் பத்தினதும்கூட.

கதை தெரியாதவங்களுக்குச் சுருக்கமா. டெய்லர் ஸ்விஃப்ட் 2005-ல, பதினஞ்சு வயசுல, நாஷ்வில்லில் புதுசா ஆரம்பிச்ச பிக் மெஷின் ரெக்கார்ட்ஸ்ல சேர்ந்தாங்க. 2006-ல இருந்து 2017 வரைக்கும் அங்க ஆறு ஆல்பம்: 'டெய்லர் ஸ்விஃப்ட்', 'ஃபியர்லெஸ்', 'ஸ்பீக் நவ்', 'ரெட்', '1989', 'ரெப்யூட்டேஷன்'. பாட்டு எழுதினது அவங்க, பாடினது அவங்க. ஆனா ஸ்டுடியோவுல பதிவான அந்த மூல ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், கம்பெனிக்குச் சொந்தம். பாட்டோட உரிமை வேற, ஒலிப்பதிவோட உரிமை வேற. இளையராஜா சம்பந்தப்பட்ட வழக்குகளை நியூஸ்ல பார்த்து வளர்ந்த நமக்கு இந்தப் பிரிவு ஒண்ணும் புதுசில்ல. 2018-ல அவங்க வேற கம்பெனிக்குப் போனாங்க. 2019 ஜூன்ல பிக் மெஷினை ஸ்கூட்டர் பிரவுனோட நிறுவனம் வாங்குச்சு. டெய்லருக்கு அவரை ஆகாது. 2020-ல அந்த ஆறு ஆல்பத்தோட மாஸ்டர்களும் ஷாம்ராக்னு ஒரு முதலீட்டு நிறுவனத்துக்குக் கைமாறுச்சு. பாட்டு எழுதின உரிமை கையில இருந்ததால, டெய்லர் அதே பாட்டுகளை முதல்ல இருந்து மறுபடி பாடிப் பதிவு பண்ண ஆரம்பிச்சாங்க. 2021-ல 'ஃபியர்லெஸ்', 'ரெட்'. 2023-ல 'ஸ்பீக் நவ்', '1989'. நாலு ஆல்பம் புது வடிவத்துல வந்தாச்சு.

ரசிகர்களுக்குள்ள ஒரு சட்டம் உருவாச்சு. பழசைக் கேட்டா காசு 'அவங்களுக்கு' போகும். அதனால பழசைக் கேட்காதே, பிளேலிஸ்ட்ல வெக்காதே, ரீல்ஸ்ல போடாதே. பழசுக்கு 'திருட்டு வெர்ஷன்'னு பேர். நானும் அந்தப் படையில ஒரு சிப்பாய்.

இப்போ அந்த ஃபோல்டர் யாருடையதுன்னு சொல்லணும். அது என் பெரியம்மா பொண்ணுது. என்னைவிட ஒன்பது வயசு பெரியவ. ஸ்கூல் படிக்கும்போது பாக்கெட் மணி சேர்த்து அந்த சிடியை நுங்கம்பாக்கத்துல ஒரு கடையில வாங்கினா. வீட்டு கம்ப்யூட்டர்ல விண்டோஸ் மீடியா பிளேயர்ல போட்டு காப்பி எடுத்தா. அது பாட்டுக்கு 128 கேபிபிஎஸ் டபிள்யூஎம்ஏ ஃபைலா மாத்தி வெச்சுது. ஆடியோ தெரிஞ்சவங்க மூக்கைச் சுளிப்பாங்க. ஆனா அது அவளோட பென்டிரைவுக்கு வந்து, அங்கிருந்து எனக்கு வந்து, நான் தமிழ்ல எழுத்துக் கூட்டிப் படிக்கிற காலத்துல இருந்தே என்கூட இருந்துச்சு. 'ஃபிஃப்டீன்' பாட்டுல ஒரு இடத்துல சிடி கீறல், ஒரு வார்த்தை 'டக்'னு குதிச்சுப் போகும். அந்தக் குதிப்பு பாட்டுலயே இருக்குன்னுதான் ரொம்ப வருஷம் நினைச்சிட்டிருந்தேன். இன்னிக்கும் சரியான பாட்டைக் கேட்டா எனக்கு அந்த இடத்துல ஒரு சின்ன ஏமாற்றம்.

அந்த சிடி 2015 டிசம்பர் வெள்ளத்துல போச்சு. முடிச்சூர் வீட்டுல கீழ்த்தளம் முழுக்கத் தண்ணி. கம்ப்யூட்டரும் போச்சு. ஆக, உலகத்துல மிச்சம் இருந்த ஒரே காப்பி என் லேப்டாப்ல. அதைத்தான் நான் ஹார்ட்டுக்காக அழிச்சேன்.

2025 மே 30-ம் தேதி டெய்லர் ஒரு கடிதம் போட்டாங்க. ஷாம்ராக்கிட்ட இருந்து ஆறு ஆல்பத்தோட மாஸ்டர்களையும் அவங்களே வாங்கிட்டாங்க. வீடியோ, கான்சர்ட் படம், அட்டைப்படம், வெளிவராத பாட்டு எல்லாம் சேர்த்து. முதல் ஆல்பத்தை முழுசா மறுபடி பாடி வெச்சிருக்கறதாவும், 'ரெப்யூட்டேஷன்'ல கால்வாசிகூடப் பண்ணலைன்னும் அதுலயே சொன்னாங்க. உலகம் பூரா ஒரே கொண்டாட்டம். எங்க ஹாஸ்டல் மாடியில 'லவ் ஸ்டோரி' ஒரிஜினலைப் போட்டு ஆடினோம், குற்றவுணர்ச்சி இல்லாம. அன்னிக்கு ராத்திரி கனடாவுல இருந்து அக்கா மெசேஜ்: "ஏய், என் ஃபோல்டர் இன்னும் வெச்சிருக்கியாடி? அதை அனுப்பேன்."

"ஸ்பாட்டிஃபைல இருக்கே அக்கா"ன்னு அனுப்பினேன். "அது இல்லடி, என்னோடது"ன்னா. ரெண்டு நாள் கழிச்சுத்தான் உண்மையைச் சொன்னேன். அவ ஒண்ணும் சொல்லல. சரின்னு ஒரு தம்ஸ்-அப். அதுதான் கஷ்டமா இருந்துச்சு.

அக்கா சொன்னது வெறும் சென்டிமென்ட்னுதான் முதல்ல நினைச்சேன். தேட ஆரம்பிச்சப்பதான் புரிஞ்சுது, 'ஒரிஜினல்'னு நாம ஒருமையில சொல்றதே தப்பு.

'லவ் ஸ்டோரி'யையே எடுத்துக்குங்க. பான்ஜோவும் ஃபிடிலும் நல்லாக் கேட்கிற ஆல்பம் வெர்ஷன் ஒண்ணு. அதையெல்லாம் அடக்கி, பாப் ரேடியோவுக்காகப் பண்ணின மிக்ஸ் இன்னொண்ணு. ரெண்டும் ஒரிஜினல்தான். 'ஃபியர்லெஸ்' அமெரிக்காவுல ஒரு மாதிரி, வெளிநாட்டுப் பதிப்புல முதல் ஆல்பத்தோட சில பாட்டுகளையும் போனஸாச் சேர்த்து வேற மாதிரி, 2009-ல பிளாட்டினம் எடிஷன்னு இன்னொரு மாதிரி. 'ரெட்' டீலக்ஸ் எடிஷன்ல 'ட்ரெச்சரஸ்', 'ரெட்' ரெண்டுக்கும் டெமோ பதிவு இருந்துச்சு. '1989' டீலக்ஸ்ல டெய்லர் தன் ஃபோன்ல பாட்டு உருவாகும்போது பேசிப் பதிவு பண்ணின வாய்ஸ் மெமோ மூணு. இதெல்லாம் மறுபதிவுல கிடையாது. கிடைக்கவும் முடியாது. 2014-ல வெளிவந்த வாய்ஸ் மெமோவை 2023-ல எப்படி மறுபடி எடுப்பீங்க?

முதல் ஆல்பத்துல 'பிக்சர் டு பர்ன்'னு ஒரு பாட்டு. 2006-ல வந்த முதல் பதிப்புல, பழைய காதலனைக் கிண்டல் பண்ண, ஓரினச்சேர்க்கையாளர்னு ஊருக்குச் சொல்லிடுவேன்கிற மாதிரி ஒரு வரி இருந்துச்சு. அப்புறம் ரேடியோவுக்கும் பின்னால வந்த பதிப்புகளுக்கும் அந்த வரியை மாத்திட்டாங்க. மாத்தினது நல்லது. ஆனா 2006-ல அமெரிக்காவுல ஒரு டீனேஜ் கன்ட்ரி பாடகி அப்படி ஒரு வரியை ஆல்பத்துல பாட முடிஞ்சது, கம்பெனியும் அதை விட்டுச்சுன்னு தெரிஞ்சுக்க, அந்த முதல் சிடி யாரோ ஒருத்தர்கிட்ட இருக்கணும். 'பெட்டர் தேன் ரிவெஞ்ச்' கதையும் அதேதான். 2010-ல இருந்த, இன்னொரு பொண்ணைக் கேவலப்படுத்துற வரியை 2023 மறுபதிவுல மாத்திட்டாங்க. இருபது வயசுல வெளியிட்டதை முப்பத்து மூணு வயசுல அவங்களுக்கே பிடிக்கல. நியாயம். என் பத்தாம் வகுப்பு ஸ்டேட்டஸ் எல்லாம் எனக்கே பிடிக்கல. ஆனா மனுஷி மாறினாங்கன்னு காட்டற சாட்சியே ரெண்டு பதிவும் பக்கத்துல பக்கத்துல இருக்கறதுதான். ஒண்ணை எடுத்துட்டா, மாறின கதையும் சேர்ந்து போயிடும்.

குரல்லயும் அதே விஷயம். பழைய 'ஃபியர்லெஸ்' வந்தப்போ அவங்களுக்குப் பதினெட்டு. புதுசு வந்தப்போ முப்பத்தொண்ணு. புதுசுல பாட்டு மேல முழு ஆளுமை இருக்கு, சுருதி கச்சிதம். என் காதுக்குப் புது 'ரெட்' பல இடத்துல பழசைவிட நல்லாவே இருக்கு. அதுல வந்த பத்து நிமிஷ 'ஆல் டூ வெல்' இல்லாம என் செகண்ட் இயர் ஓடியிருக்காது. ஆனா அதே ஆல்பத்துல 'கேர்ள் அட் ஹோம்' முழுசா சின்த்-பாப்பா மாறிடுச்சு. அதை மறுபதிவுன்னு சொல்றதைவிட வேற பாட்டுன்னே சொல்லலாம். '1989'ல 'ஸ்டைல்' பாட்டோட அந்த கிடார் ஓப்பனிங் புதுசுல எனக்குச் சப்புன்னு இருக்கு. பழைய '1989'ஐப் பண்ணின மேக்ஸ் மார்ட்டின் புதுசுக்கு வரவே இல்ல, அதுவும் காரணமா இருக்கலாம். 'ஃபிஃப்டீன்' பாட்டை முப்பத்தொரு வயசுக் குரல்ல கேட்கும்போது அது ஒரு அக்கா தங்கச்சிக்குச் சொல்ற அட்வைஸா இருக்கு. பழசுல அது அந்த வயசைத் தாண்டி மூணே வருஷம் ஆன ஒரு பொண்ணு, காயம் ஆறாம சொல்றது. ரெண்டும் வேண்டும் எனக்கு.

"அதான் அவங்களே வாங்கிட்டாங்களே, இனிமே என்ன பயம்?"னு என் ரூம்மேட் கேட்டா. இந்தக் கேள்விக்குத்தான் இந்தக் கட்டுரையே.

சொந்தக்காரர் நல்லவரா கெட்டவராங்கறது வேற, ஒலிப்பதிவு பத்திரமா இருக்காங்கறது வேற. ஓஸி ஆஸ்பர்னோட 'பிளிஸர்ட் ஆஃப் ஓஸ்', 'டைரி ஆஃப் எ மேட்மேன்'னு ரெண்டு ஆல்பம், எண்பதுகளோட ஹெவி மெட்டல் பொக்கிஷம். அதுல பேஸ் கிடார் வாசிச்ச பாப் டெய்ஸ்லிக்கும் டிரம்ஸ் வாசிச்ச லீ கெர்ஸ்லேக்குக்கும் ஓஸி தரப்போட பணத் தகராறு, கோர்ட் வரைக்கும் போச்சு. 2002-ல அந்த ஆல்பங்களை மறுபடி வெளியிட்டப்போ, அவங்க ரெண்டு பேரோட வாசிப்பையும் அழிச்சிட்டு, அந்த இடத்துல வேற ரெண்டு பேரை வாசிக்க வெச்சு ஒட்டிட்டாங்க. அட்டை அதே, பேர் அதே. கடையில புதுசா வாங்கினவங்களுக்கு இதுதான் 'ஒரிஜினல்'. 2011-ல ரசிகர்கள் திட்டின திட்டு போதும்னோ என்னவோ, பழைய பதிவை மறுபடி கொண்டு வந்தாங்க. நடுவுல ஒன்பது வருஷம். அந்த ஒன்பது வருஷமும் உண்மையான ஆல்பம் உயிரோட இருந்தது, பழைய சிடியையும் எல்பியையும் தூக்கிப் போடாத ரசிகர்கள் வீட்டுலதான். இதைச் செஞ்சது வெளியாள் இல்ல, கலைஞரோட சொந்தத் தரப்பு.

டெய்லர் அப்படிச் செய்வாங்கன்னு நான் சொல்லல. இதுவரைக்கும் பழைய ஆல்பங்கள் அப்படியே இருக்கு. ஆனா அவங்க 2014 நவம்பர்ல மொத்தப் பாட்டையும் ஸ்பாட்டிஃபைல இருந்து எடுத்தாங்க, 2017 ஜூன்லதான் திருப்பி வெச்சாங்க. அது அவங்க உரிமை, அந்தச் சண்டையில நான் அவங்க பக்கம்தான். ஆனாலும் ஸ்ட்ரீமிங்ல நமக்குக் கிடைக்கிறது வாடகை வீடு, அவ்வளவுதான். ஓனர் நல்லவரா இருந்தாலும் வாடகை வீடு வாடகை வீடுதான். 2022-ல பியான்சே, லிஸோ ரெண்டு பேரும் மாற்றுத்திறனாளிகளைப் புண்படுத்துற ஒரு சொல்லை எடுத்துட்டு, பாட்டை வெளியான சில நாள்லயே மாத்தினாங்க. நல்ல மாற்றம்தான். ஆனா ஸ்ட்ரீமிங்ல அது எப்படி நடக்குதுன்னு கவனிங்க: நேத்து கேட்ட பாட்டு இன்னிக்கு வேற, உங்க பிளேலிஸ்ட்ல அதே பேரோட. 2016-ல கான்யே வெஸ்ட் 'தி லைஃப் ஆஃப் பாப்லோ'வை வெளியிட்டதுக்கு அப்புறமும் ஆப் அப்டேட் மாதிரி மாத்திக்கிட்டே இருந்தார். அதோட முதல் நாள் வடிவம் வேணும்னா, முதல் நாளே சேமிச்சவங்ககிட்டதான் கேட்கணும்.

சரி, கம்பெனிகளாவது பத்திரமா வெச்சிருப்பாங்கன்னா, 2008 ஜூன் 1-ம் தேதி ஹாலிவுட் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் வளாகத்துல தீப்பிடிச்சு, மாஸ்டர் டேப்புகள் இருந்த கிடங்கும் எரிஞ்சுது. எவ்வளவு பெரிய இழப்புன்னு வெளியுலகத்துக்குத் தெரிஞ்சது 2019-ல நியூயார்க் டைம்ஸ் எழுதினப்போதான். அதே 2019-ல மைஸ்பேஸ், பன்னிரண்டு வருஷமா ஜனங்க ஏத்தின பாட்டெல்லாம் சர்வர் மாத்தும்போது போயிடுச்சுன்னு ஒத்துக்கிச்சு. என் செகண்ட் இயர் மினி ப்ராஜெக்ட் மாதிரி. வித்தியாசம் என்னன்னா, அது எனக்கும் என் டீமுக்கும் மட்டும்தான் நஷ்டம்.

இப்போ என் பழைய சட்டத்துக்கு வர்றேன்: பழசைக் கேட்டா காசு தப்பான ஆளுக்குப் போகும். ஸ்ட்ரீமிங்ல அது உண்மையா இருந்துச்சு. ஆனா அக்கா 2009-ல காசு குடுத்து வாங்கின சிடியில இருந்து எடுத்த ஃபைலை நான் ஆயிரம் தடவை கேட்டாலும் யாருக்கும் ஒரு பைசா போகாது. அந்தக் கணக்கு கடை கவுன்டர்லயே முடிஞ்சு போச்சு. அதாவது, அந்தச் சண்டையில குற்றவுணர்ச்சியே இல்லாம பழசைக் கேட்க இருந்த ஒரே வழியைத்தான் நான் கொள்கைக்காக அழிச்சிருக்கேன். இது எனக்கு உறைக்க நாலு வருஷம் ஆச்சு.

"அப்போ டோரன்ட்ல எடுத்துக்க வேண்டியதுதானே"ன்னு கேட்கிற ஜூனியர்களுக்கு: வேண்டாம். நான் சொல்றது காசு குடுத்து வாங்கினதைக் காப்பாத்தறது. நம்ம காப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 52, தனிப்பட்ட உபயோகத்துக்கான நியாயமான பயன்பாட்டை அனுமதிக்குது. அதை குரூப்ல எல்லாருக்கும் அனுப்பறது வேற விஷயம். தவிர, டோரன்ட்ல வர்ற ஃபைல் எந்தப் பதிப்பு, எங்க இருந்து எடுத்ததுன்னு தெரியாது. 128 எம்பி3-ஐ ஃப்ளாக்கா மாத்தி 'லாஸ்லெஸ்'னு பேர் வெச்சு விடறவங்க நிறைய. டீ டிகாக்ஷன்ல தண்ணி ஊத்தினப்புறம் டம்ளரைப் பெருசாக்கினா ஸ்ட்ராங் ஆகிடுமா?

நான் என்ன பண்ணினேன்னு சொல்றேன். கிளாஸ்மேட் ஒருத்தனோட அண்ணன்கிட்ட 'ஃபியர்லெஸ்' சிடி இருந்துச்சு, அவர் அதைத் தொட்டே பத்து வருஷம் ஆச்சு. "எடுத்துக்கம்மா, வீட்ல இடத்தை அடைக்குது"ன்னு குடுத்துட்டார். சிடி கைக்கு வந்ததும் அடுத்த பிரச்சனை: போட இடம் இல்ல. எங்க வகுப்புல அறுபது லேப்டாப், ஒண்ணுலகூட டிஸ்க் டிரைவ் கிடையாது. கடைசியில டிபார்ட்மெண்ட் லேப்ல ஒரு எக்ஸ்டர்னல் டிரைவ் தூசியோட கிடந்துச்சு, லேப் அண்ணாகிட்ட கையெழுத்துப் போட்டு வாங்கினேன்.

எக்ஸாக்ட் ஆடியோ காப்பின்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு. சாதாரண பிளேயர் சிடியில கீறல் வந்தா தோராயமா நிரப்பிட்டுப் போயிடும். இது அப்படி விடாது. சந்தேகமான இடத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கும், கடைசியில ஒவ்வொரு டிராக்குக்கும் ஒரு செக்சம் போடும். அதை, அதே சிடியை உலகத்துல வேற இடங்கள்ல காப்பி எடுத்தவங்களோட செக்சமோட ஒப்பிடலாம். அந்த டேட்டாபேஸ் பேர் அக்யூரேட்ரிப். முகம் தெரியாத யாரோ ஒருத்தர் எடுத்த எண்ணும், நம்ம ஹாஸ்டல் ரூம்ல நான் எடுத்த எண்ணும் ஒண்ணா வந்தப்போ, டிஜிட்டல் சிஸ்டம்ஸ் பேப்பர்ல அரியர் வெச்ச எனக்குக்கூட கொஞ்சம் புல்லரிச்சுது.

அப்புறம் சும்மா இருக்க முடியாம ஒரு சோதனை. 'லவ் ஸ்டோரி' ஆல்பம் வெர்ஷனை ஐடியூன்ஸ் ஸ்டோர்ல காசு குடுத்து வாங்கி, சிடியில இருந்து எடுத்ததோட நேர்ப்படுத்தி, ஒண்ணைத் தலைகீழாக்கி ரெண்டையும் கூட்டினேன். ரெண்டும் ஒரே பதிவுன்னா ஒண்ணையொண்ணு அடிச்சிட்டு கிட்டத்தட்ட நிசப்தம் வரணும். வந்துச்சு, மிச்சம் இருந்தது கம்ப்ரஷன்ல தொலைஞ்ச ஒரு மெல்லிய இரைச்சல் மட்டும். அடுத்து, 2021 பதிவோட அதையே செஞ்சேன். எதுவும் அடிபடல. வேகம் கிட்டத்தட்ட ஒண்ணா இருக்கறதால கொஞ்ச நேரம் ஒட்டிப் போச்சு, அப்புறம் மெதுவா விலகிச்சு. பதினெட்டு வயசுப் பொண்ணும் முப்பத்தொரு வயசுப் பெண்ணும் ஒரே பாட்டை ஒருத்தர் மேல ஒருத்தர் பாடிட்டிருந்தாங்க. ஹெட்ஃபோனைக் கழட்டாம மூணு தடவை கேட்டேன். லேப் ரெக்கார்டுல எழுத முடியாத ஒரே ரிசல்ட்.

எந்தப் பதிவுன்னு கண்டுபிடிக்க காதை மட்டும் நம்பாதீங்க. ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் ஐஎஸ்ஆர்சின்னு பன்னிரண்டு எழுத்து-எண் கொண்ட ஒரு குறியீடு உண்டு, ஆதார் நம்பர் மாதிரி. அதே பாட்டு, மறுபதிவு ஆச்சுன்னா வேற நம்பர். காப்புரிமை வரியையும் பாருங்க. 2008 பிக் மெஷின்னு இருக்கா, 2021 டெய்லர் ஸ்விஃப்ட்னு இருக்கா. டிராக் நீளத்தையும் குறிச்சுக்குங்க. முக்கியமா, 'டேக்' தானா நிரப்பற சாஃப்ட்வேரை நம்பாதீங்க. ஒரு தடவை நான் அசந்த நேரத்துல என் 2008 ஃபைல் அத்தனைக்கும் 2021 அட்டைப்படத்தையும் பேரையும் ஒட்டிடுச்சு. பத்து வருஷம் கழிச்சு யாராவது இதைத் திறந்தா எது எதுன்னு தெரியாம முழிப்பாங்க. அப்படித்தான் ஒரு பதிவு சாகும். அழிச்சாதான் சாகணும்னு இல்ல, பேரை மாத்தினாலே போதும்.

சிடியோட வர்ற புக்லெட்டையும் ஸ்கேன் பண்ணுங்க. டெய்லரோட முதல் அஞ்சு ஆல்பத்துலயும் பாட்டு வரிகளுக்குள்ள தாறுமாறா சில எழுத்துகள் மட்டும் கேபிடலா இருக்கும். அதைக் கோர்த்துப் படிச்சா பாட்டுக்குப் பின்னால இருக்கற ரகசியச் செய்தி. அக்கா ஒரு நோட்டு முழுக்க அதை எழுதி வெச்சிருந்தா, அதுவும் வெள்ளத்தோட போச்சு. ஸ்ட்ரீமிங் ஆப்ல ஓடுற வரிகள்ல அந்த விளையாட்டு இல்ல.

இடம் எவ்வளவு ஆகும்னு பயப்படாதீங்க. சிடி ஒண்ணு ஃப்ளாக்ல பொதுவா சில நூறு எம்பிக்குள்ள அடங்கிடும். ஆறு ஆல்பமும் சேர்த்தாலும் நீங்க போன வாரம் போட்ட கேம் அப்டேட் அளவு வராது. ஆனா ஒரே இடத்துல வெக்காதீங்க. லேப்டாப்ல ஒண்ணு, வெளி டிஸ்க்ல ஒண்ணு, வேற ஊர்ல இருக்கற வீட்டுல ஒண்ணு. பென்டிரைவ் காலத்துக்கும் நிக்காது. தண்ணி எந்தத் தளத்துக்கு வரும்னும் யாருக்கும் தெரியாது.

அக்காவுக்கு அந்த ஃப்ளாக் ஃபைல்களை அனுப்பல. இந்த சிடி அவ வாங்கின சிடி இல்ல, மேலே சட்டம் பேசிட்டு நானே மீறக்கூடாது. டிசம்பர்ல லீவுக்கு வந்தப்போ சிடியையே கையில குடுத்தேன். புக்லெட்டைப் பிரிச்சு 'ஃபிஃப்டீன்' பக்கத்தைத் தேடினா, கேபிடல் எழுத்தையெல்லாம் விரலால தொட்டுட்டே வந்தா. அப்புறம் என் லேப்டாப்ல அந்தப் பாட்டைப் போட்டோம். அந்தக் குதிப்பு வர்ற இடத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல நிமிர்ந்து பார்த்தோம். பாட்டு குதிக்காமப் போயிடுச்சு. "இந்த வார்த்தை இதுதானா?"ன்னா அக்கா. பதினேழு வருஷமா அவ அந்த வார்த்தையைக் கேட்டதே இல்லையாம்.

பொங்கல் லீவுல வீட்டுக்குப் போறவங்க பரண்ல, பழைய ஷோகேஸ்ல, அண்ணன் அக்காவோட காலேஜ் பேக்ல ஒரு தடவை பாருங்க. டெய்லரா இருக்கணும்னு இல்ல. ஏ.ஆர்.ரஹ்மான் சிடி, யாரோ பாடின பக்திப் பாட்டு, உங்க அப்பா கல்யாண ரெக்கார்டிங், எதுவானாலும் சரி. டிரைவ் ஏப்ரல் வரைக்கும் என்கிட்டதான் இருக்கும், அதுக்கப்புறம் நோ டியூஸுக்காகத் திருப்பிக் குடுத்தாகணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல லேடீஸ் ஹாஸ்டல் ரீடிங் ரூம்ல இருப்பேன். பசங்க வாட்ச்மேன் அண்ணாகிட்ட பேர் எழுதிக் குடுத்துட்டுப் போங்க. சிடியைத் துணியால வட்டமாத் துடைக்காதீங்க, நடுவுல இருந்து வெளிப்பக்கமா நேராத் துடைங்க. கீறல் இருந்தாலும் கொண்டு வாங்க, அதையும் சேர்த்தே ஒரு காப்பி எடுத்துத் தர்றேன்.